டிரிஸ்டன் தீவின் உடன்படிக்கையும் படகும்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவார் முதற்கண் ஏடுகளையே நாடுவர். ஏடு வாய்த்தவிடத்து அது தக்கதே. ஆயின், ஏட்டில் எழுதிய கொள்கை வாழ்வில் நின்றதா என்பதை ஏடே உணர்த்துதல் அரிது. அதனை அம்மக்கள் கையாண்ட கருவிகளிடத்துக் கேட்டறிதல் வேண்டும் என்பது எம் கருத்து. தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள டிரிஸ்டன் டா குன்ஹா என்னும் எரிமலைத் தீவு இதற்கு ஏற்ற சான்றாகும்.

அண்மையில் மக்கள் வாழும் நிலம் எனக் கூறத்தக்க செயின்ட் எலினாத் தீவே அதற்கு 2,400 கிலோமீட்டர் அப்பாலுள்ளது. நடுவே 2,062 மீட்டர் உயர்ந்த எரிமலை. அதன் அடிவாரத்தே வடமேற்கில் கிடக்கும் ஒடுங்கிய சமவெளியிலேதான் ஊர். 1506-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் இதனைக் கண்டனர். எனினும் நிலையான குடியிருப்பு 1816-இல் வந்த ஆங்கிலப் படையின் பின்னரே தோன்றிற்று. மறு ஆண்டு படை நீங்கியபொழுது, வில்லியம் கிளாஸ் என்னும் ஸ்காத்லாந்துப் படைவீரர் தம் மனைவி மக்களுடன் அங்கேயே தங்க இசைவு பெற்றார். அவருடன் கல்தச்சர் இருவரும் தங்கினர். அவர்கள் 1817 நவம்பரில் ஓர் உடன்படிக்கை எழுதினர். உடைமை அனைவர்க்கும் பொது. ஊதியத்திலும் செலவிலும் பங்கு ஒன்றே. ஒருவர் மற்றவர்மேல் தலைமை கொள்ளுதல் இல்லை என்பன அதன் சாரம்.

மூவர் கூடி இங்ஙனம் எழுதுதல் எளிது. பின்னர்க் கப்பல் உடைந்து கரையேறினாரும், 1827-இல் செயின்ட் எலினாவிலிருந்து மணமகளிராய் வந்த ஐவரும், ஆலந்து நாட்டினரும், 1892-இல் உடைந்த கப்பலினின்று தப்பிய இத்தாலியர் இருவரும் என வேறு வேறு மொழியும் நாடும் உடையார் வந்து கலந்தனர். அவ்வுடன்படிக்கை அவர்களிடை நிலைத்ததா?

கருவிகளைக் காண்போம். வீட்டுச் சுவர்க்கு எரிமலை ஈந்த மென்கல்லைக் கோடரியாற் செதுக்கி அடுக்கினர். கூரைக்கு நியூசிலாந்துச் சணற்புல்லை வேய்ந்தனர். உத்தரமும் கதவும் பெரும்பாலும் உடைந்த கப்பல்களின் மரம். மாட்டுத்தோலாற் காலணி செய்தனர். மகளிர் ஆட்டு மயிரைச் சிக்கெடுத்து இராட்டையில் நூற்றுக் காலுறை பின்னினர். தொழிலையும் உணவையும் நிலத்தின் கருப்பொருளாக வைத்து எண்ணினார் தொல்காப்பியர். இத்தீவிலோ கருப்பொருளிற் செம்பாதியைக் கடலே கொண்டுவந்து தள்ளிற்று எனலாம்!

இவற்றுள் தலையாயது நீள்படகு. பெருமரம் வளராத தீவு அது. நங்கூரம் இடத்தக்க துறையும் அந்நாளில் இல்லை. ஆகவே படகு சிறு மரத்தால் ஆதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆடவர் சிலரே கரைக்கு இழுத்தேற்றத்தக்க எடையினதாகவும் இருத்தல் வேண்டும். வளைந்து வளர்ந்த மரக்கிளைகளை விலாவெலும்பாக அமைத்து, அவற்றின்மேல் கித்தான் துணியை இறுகப் போர்த்து, வண்ணம் பூசினர். துடுப்பும் பாயும் கொண்டு, 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நைட்டிங்கேல் தீவுக்குச் சென்று கடற்பறவைகளின் முட்டையும் கொழுப்பும் கொணர்ந்தனர். கடல் பொறுத்ததாயின் மீள்வர். 1885-இல் கப்பலொன்றோடு பண்டமாற்றுச் செய்யப் படகேறிய பதினைவர் மீளவில்லை. ஊரில் ஆடவர் தொகையே அருகிற்று.

இப்படகு ஒருவருடைய உடைமையன்று. பலர் பங்கு கொண்டு கட்டிய பொதுப்பொருள். அதில் ஏறுவாரும் பங்காளிகளே. 1937–38-இல் சென்ற நார்வே ஆய்வுக்குழுவில் இருந்த சமூகவியலார் பீட்டர் முங்க், அத்தீவினரின் சமநிலை உணர்வையும் ஒருவர்க்கொருவர் உதவும் வழக்கத்தையும் விரித்து எழுதியுள்ளார். 1817-ஆம் ஆண்டின் ஏடு நிலைத்தது சட்டத்தால் அன்று; தனியொருவர் செலுத்தவொண்ணாப் படகினால் என்றே யாம் கொள்கின்றோம். ஆடுமாடுகள் காலப்போக்கில் தனியுடைமை ஆயின என்பதை மறைத்தல் தகாது. படகோ பங்குப்பொருளாகவே நின்றது.

1961 அக்டோபரில் ஊரின் அருகே நிலம் பிளந்து எரிமலை வெடித்தது. தீவினர் ஏறத்தாழ 260 பேரும் நைட்டிங்கேல் தீவுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறிக் கேப்டவுன் வழியாக இங்கிலாந்து சேர்ந்தனர். கற்குழம்பு மீன் பதனிடும் ஆலையையும் படகு இறங்கும் கரையையும் விழுங்கிற்று. வீடுகளோ பெரும்பாலும் தப்பின. இங்கிலாந்தில் வீடும் கூலிவேலையும் கிடைத்தும், 1962 டிசம்பரில் எடுத்த வாக்கெடுப்பில் மீள்வதற்கு 148 பேரும், அங்கேயே தங்குதற்கு ஐவரும் வாக்களித்தனர். 1963-இல் மீண்டனர்.

நாகரிகத்தை வெறுத்து மீண்டனர் என்று கூறுவர் சிலர். அதனை யாம் ஒவ்வோம். மீண்டவர்கள் ஆலையை மீண்டும் வேண்டினர். சிலர் 1966-இல் இங்கிலாந்துக்கே திரும்பினர். ஒவ்வொருவரும் தனித்தனியே மேலாளர்கீழ்க் கூலி பெறும் வாழ்வில், பங்காளி என்னும் நிலைக்கு இடமின்றிப் போயிற்று. அவர்கள் மீட்க விழைந்தது அந்நிலையையே என்று கொள்ளுதல் பொருந்தும்.

கற்குழம்பு மூடிய பழைய கரைக்கு ஈடாக 1967-இல் சிறு துறைமுகம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. இங்கிலாந்தில் தீவினர் தங்கியிருந்த கால்ஷாட் என்னும் ஊரின் பெயரையே அதற்கு இட்டனர்.