தேயிலை மலையும் எச்சரிக்கை நூல்களும்

இரசாயனப் பொருளொன்று தனித்திருக்கையில் அடங்கியதாய்த் தோன்றலாம். பிறிதொன்றுடன் கூடும்போதே அதன் உண்மை இயல்பு வெளிப்படும். ஆதலின், தாக்குதிறன் மிக்க இரசாயனங்களின் ஆபத்து பற்றிய வரலாறு பொருள்களின் வரலாறு மட்டுமன்று. அவை பற்றிய அறிவு எவர் கைக்கு எட்டியது என்பதன் வரலாறுமாகும். இதனை ஆராய்தற்குத் தலவாக்கலை தக்கதொரு களமாகும்.

1925 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம், பின்னர் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. 1928 முதல் அதன் காலாண்டிதழ் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியதும், செப்புச் சேர்ந்த பூஞ்சணக் கொல்லிகள் மலைச்சரிவெங்கும் தெளிக்கப்படலாயின. அறிவுரைகளை ஆங்கிலத்திற் படித்தோர் துரைமார். தெளித்தோர் தமிழ்த் தொழிலாளர். அவர்தம் வழக்கில் இத்தொழில் ‘மருந்தடித்தல்’ எனப்பட்டது. நோய் தீர்க்கும் பொருளின் பெயரை நஞ்சும் பெற்றமை, அச்சம் எழவேண்டிய இடத்தில் நம்பிக்கையை எழச்செய்தது எனலாம்.

தோட்டப் பொருள்களின் ஆபத்து நச்சுத்தன்மையோடு முடிவதன்று. அமோனியம் சல்பேற்று உரத்துடன் சுண்ணாம்பு கலப்பின், கண்ணையும் மூச்சையும் வருத்தும் அமோனியா வாயு வெளிப்படும். உரத்தின் பயனும் குன்றும். செப்புச் சல்பேற்றுக் கரைசலை இரும்புக் கலத்தில் வைப்பின், செப்புப் படிந்து இரும்பு கரையும். இரு மூடைகளை அருகருகே அடுக்குவோனும் இத்தகைய உண்மைகளை அறிந்திருத்தல் வேண்டும்.

உலகம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 1930களில் நியூசிலாந்து விவசாயிகள் களை ஒழிக்கச் சோடியம் குளோரேற்றைத் தெளித்தனர். அது படிந்து உலர்ந்த ஆடைகள் தீப்பற்றின. 1947 இல் அமெரிக்காவின் டெக்சஸ் நகரத் துறைமுகத்தில் கப்பலொன்றிலிருந்த அமோனியம் நைத்திரேற்று உரம் வெடித்து, ஏறத்தாழ 580 பேர் மாண்டனர். இவைபோன்ற விபத்துகள் பற்றிய குறிப்புகள் ஆய்விதழ்களிற் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி, எப்பொருள் எதனுடன் கூடின் யாது நிகழும் என வகைப்படுத்திய பெருநூலை லெஸ்லி பிரெதெரிக் 1975 இல் வெளியிட்டார். ஆய்வுகூடங்களுக்கு அது இன்றியமையாத துணைநூலாயிற்று. தோட்டத்து உரக் களஞ்சியத்திற்கோ அது எட்டாத நூல்.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் புதுவழி திறந்தது. கொள்கலனின் சுட்டுத்துண்டில் சிங்களத்துடனும் ஆங்கிலத்துடனும் தமிழும் இடம்பெறலாயிற்று. தொழிலாளிக்குக் கிடைத்த மிகச் சிறிய எச்சரிக்கை நூல் அதுவேயாகும். ஆயின், சுட்டுத்துண்டு தன் கொள்கலனிலுள்ள பொருளைப் பற்றியே பேசும்; பக்கத்து மூடையில் இருப்பதை அது அறியாது. இக்குறையை நிரப்பவல்லது பாதுகாப்புத் தரவுத்தாள். ஐக்கிய நாடுகள் 2003 இல் வெளியிட்ட உலகளாவிய ஒழுங்கின்படி அது 16 பகுதிகளைக் கொண்டது. 10 ஆம் பகுதி உறுதிநிலை, தாக்குதிறன் என்பன பற்றியது.

இது தொலைநாட்டுக் கவலையன்று. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் 1,486 கொள்கலன்களிடையே 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. அமிலக் கசிவு முன்னரே அறியப்பட்டிருந்தும் அழிவு தடுக்கப்படவில்லை. அறிவு இருத்தல் வேறு, அது உரிய நேரத்தில் உரியவரிடம் செயலாதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரசாயனத்தைத் தமிழிற் கூறச் சொல்லில்லை என்பாரும் இனி இருத்தல் இயலாது. அரசகரும மொழித் திணைக்களம் அறிவியற் சொற்றொகுதிகளை ஆக்கிப் பல்லாண்டுகள் கடந்துவிட்டன. எஞ்சியிருப்பது, தரவுத்தாளின் அந்த 10 ஆம் பகுதியேனும் எளிய தமிழில் ஒவ்வொரு தோட்டக் களஞ்சியத்தின் கதவிலும் இடம்பெறுதலே. ‘மருந்து’ என்னும் சொல் மறைத்ததை அவ்வெழுத்துகளே வெளிப்படுத்தவல்லன.