மலைக்கு அந்தப் பக்கம்

போன வருஷம் ஆகஸ்டு மாதம் என் பேரனுக்குப் பள்ளி நாடகத்தில் ஒரு வேடம் கொடுத்தார்கள். பூலித்தேவர் வேடத்துக்கு அவனைவிட உயரமான பையன் ஒருவன் இருந்தான். இவனுக்குக் கிடைத்தது யூசுப்கான். சாயங்காலம் வந்து பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, "தாத்தா, நான் துரோகி வேஷம் போட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டான்.

வசனத் தாளை வாங்கிப் பார்த்தேன். யூசுப்கானுக்கு நாலே வரி. நாலாவது வரி முடிந்ததும் பூலித்தேவரின் வாளுக்கு இரையாகிறார். எழுதிய ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. பத்து நிமிஷத்தில் சுதந்திர தினத்துக்கு ஒரு நாடகத்தை முடித்தாக வேண்டும். ஆனால் யூசுப்கானைக் கொன்றது பூலித்தேவர் இல்லை. யாருக்காக அவர் பூலித்தேவரோடு சண்டை போட்டாரோ, அவர்களேதான் 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப அவர் யார் பக்கம் தாத்தா?"

அன்று ராத்திரி அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். மனைவியின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மகளை ராஜபாளையத்தில் கொடுத்ததால் ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வந்துவிட்டோம். ஒரு தரப்பு மனுவை மட்டும் படித்துவிட்டுக் கோப்பில் நோட் போடாதே என்று என் முதல் சூப்பரின்டென்டென்ட் சொல்லிக் கொடுத்தார். சரித்திரம் படிக்கும்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறி வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை கூடவே வரும். சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், சொக்கம்பட்டி என்று நடத்துனர் கூப்பிடும் நிறுத்தங்களில் பல அந்தக் காலத்துப் பாளையங்கள். மதுரையிலிருந்து மலையோரமாகத் தெற்கே படை கொண்டு போகிறவனுக்கு முதல் வாசல் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு கோட்டை இருந்தது என்று சொன்னால் பால்கோவா வாங்க வருகிறவர்கள் நம்புவதில்லை. 1750களில் அந்தக் கோட்டை கை மாறி மாறிப் போயிருக்கிறது. இந்தப் பாதையில் நடந்த சண்டைகளைப் பற்றி எத்தனையோ எழுதிவிட்டார்கள். ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் மலைக்கு இந்தப் பக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பக்கம் யார் இருந்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பக்கம் இருந்தது திருவிதாங்கூர். சாதாரண சமஸ்தானம் இல்லை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்து, அவர்களிடமிருந்து பிடிபட்ட டிலனாய் என்பவரையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தவர் மார்த்தாண்ட வர்மா. அவருக்கும் அவருக்குப் பின் வந்தவருக்கும் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கண் இருந்தது. களக்காட்டு நெல்வயலைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

1755இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, பாக்கி வசூலிக்கத் தன் அண்ணன் மாபூஸ்கானையும் கம்பெனியின் கர்னல் ஹெரானையும் தெற்கே அனுப்பினார். ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் போய் நின்றார். மண்கோட்டைதான், ஆனால் அதை உடைக்கும் அளவுக்குப் பெரிய பீரங்கி கையில் இல்லை. திரும்பிவிட்டார். அந்தப் படையெடுப்பில் ஒரு கோயிலின் சிலைகளை வேறு எடுத்துப் போயிருந்தார். அதற்காக நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவர் படையை வழிமறித்து நொறுக்கினார்கள். பிறகு கம்பெனியே அவரை விசாரித்து வேலையை விட்டு நீக்கியது.

ஹெரான் போனதும் பூலித்தேவர் செய்த காரியத்தை நாடகத்தில் சேர்த்திருக்கலாம். திருவிதாங்கூரோடு கை கோத்தார். மாபூஸ்கானின் ஆட்களைத் தோற்கடித்து, களக்காடு திருவிதாங்கூர் வசம் போனது. கையில் குதிரைப் படையும் பீரங்கியும் அதிகம் இல்லாத ஒரு பாளையக்காரர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மலையைக் காவலாக்கிக்கொள்ளும் வழி இதுதான். மேற்குப் பாளையங்களை ஒன்றாகக் கட்டினார். கொஞ்ச காலத்தில் மாபூஸ்கானே, நவாபின் சொந்த அண்ணன், தம்பிக்கு எதிராக இவரோடு சேர்ந்துகொண்டார். யார் யார் பக்கம் என்பது அந்தக் காலத்தில் அவ்வளவு சுலபமாக எழுதி ஒட்டக்கூடிய விஷயம் இல்லை. (இந்தச் சண்டைகளில் நம் ராஜபாளையம் நாய்கள் வெள்ளைக்காரர் குதிரைகள் மேல் பாய்ந்ததாக இங்கே சொல்வார்கள். கையில் சான்று இல்லாததால் அதை ஊர்ப் பேச்சாக மட்டும் வைக்கிறேன். 2005இல் தபால் தலை வந்தது மட்டும் நிச்சயம்.)

1756இல் வந்தார் யூசுப்கான். ராமநாதபுரம் சீமைப் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, இளமையில் எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தவர் என்பார்கள். இப்போது கம்பெனியின் சிப்பாய்களுக்குத் தலைவர். மூன்று வருஷம் அவரால் பூலித்தேவரை அசைக்க முடியவில்லை. இடையில் 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லல்லி சென்னைக் கோட்டையை முற்றுகையிட, இவரை அங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். வெளியிலிருந்து லல்லியின் படையை நச்சரித்து நச்சரித்து முற்றுகை தோற்றதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1759இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் குத்தகைதாரராகத் திரும்பி வந்தபோது யூசுப்கான் பாடம் கற்றிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஆள் அனுப்பினார். களக்காட்டுச் சீமையை விட்டுக்கொடுக்கிறேன், என்னோடு வாருங்கள் என்றார். பத்தாயிரம் பேர் கொண்ட திருவிதாங்கூர்ப் படை இறங்கி வந்தது. பூலித்தேவருக்கு நேற்றுவரை காவலாக இருந்த மலை, எதிரி வரும் வழியாகிவிட்டது.

அப்படியும் அந்த டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டை விழவில்லை. உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடிக்க, பூலித்தேவர் வெளியிலிருந்து வந்து முகாமைத் தாக்கினார். யூசுப்கான் பின்வாங்கினார். ஆனால் கூட்டணி உடைந்தது உடைந்ததுதான். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் விழுந்தன.

என் மச்சான், ஓய்வு பெற்ற ஆசிரியர், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "இதெல்லாம் கணக்கு மாப்ளே. பூலித்தேவர் யாருக்கும் வரி கட்ட மாட்டேன்னு நின்னார். அவன் சம்பளத்துக்குச் சண்டை போட்டான். ரெண்டும் ஒண்ணா?" ஒன்றில்லைதான். அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மானம் மட்டும் ஒரு கோட்டையைக் காப்பாற்றாது என்பது பூலித்தேவருக்கே தெரிந்திருந்தது. தெரியாமலா திருவிதாங்கூருக்கு ஓலை அனுப்பினார்?

இனி யூசுப்கானின் முடிவு. தெற்கை அடக்கிக் கொடுத்தவர், நான் கம்பெனிக்குத்தான் பதில் சொல்வேன் என்றார். நவாபோ, நீ என் ஆள் என்றார். கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்தது. இதற்குள் திருவிதாங்கூரோடும் இவருக்குச் சண்டை மூண்டுவிட்டது. மதுரையை முற்றுகையிட்டபோது மலைக்கு அப்பாலிருந்து கை கொடுக்க யாருமில்லை. அவர் பிடித்தது ஒரே ஒரு கை. 1763இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மர்ஷான் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் கொஞ்சம் பேர் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் பிரெஞ்சுப் படிப்பு என்னை உறுத்துகிறது. 1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. தரைமட்டமாகிக் கிடந்த புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. அதே உடன்படிக்கையின் 11ஆம் பிரிவில், முகம்மது அலிதான் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று பிரான்சும் ஒப்புக்கொண்டது. மதுரையில் ஒருவர் நவாபை எதிர்த்து எந்தக் கொடியை நம்பி நின்றாரோ, அந்தக் கொடிக்குரியவர்கள் நவாபை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கப்பல் வந்து செய்தி சொல்ல மாதக்கணக்கில் ஆகும் காலம்.

1763இல் முற்றுகை தோற்றது. மறு வருஷம் மேஜர் சார்லஸ் கேம்பெல் மறுபடி வந்தார். உள்ளே தானியம் தீர்ந்தது. அக்டோபர் 13 அன்று தொழுகை நேரத்தில் அவரைப் பிடித்துக் கட்டியவர்களில் மர்ஷானும் ஒருவர். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கம் இருக்கிறது.

எங்கள் சரித்திரப் புத்தகத்தில் துய்ப்ளெக்ஸ் உண்டு, லல்லி உண்டு. மர்ஷான் இல்லை, யூசுப்கானும் இல்லை. லல்லி கதையை எங்கள் ஆசிரியர் குரல் தாழ்த்திச் சொல்வார். புதுச்சேரியை 1761இல் ஒப்படைத்துவிட்டுப் போன லல்லியைத் துரோகி என்று தீர்ப்பெழுதி, 1766 மே மாதம் பாரிஸில் தலையை வெட்டினார்கள். வோல்தேர் போன்றவர்கள் அது அநியாயம் என்று எழுதினார்கள். 1778இல் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தார்கள். சென்னை முற்றுகையில் எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் இரண்டு வருஷ இடைவெளியில் இப்படிச் செத்தார்கள். ஒருவர் தீர்ப்பை மறுபடி பார்த்தார்கள். மற்றவருடைய கோப்பு அப்படியே மூடிக் கிடக்கிறது.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. என் சித்தப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வேலை இல்லாத பத்தொன்பது வயதில் சேர்ந்தார். இந்தோசீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே யாரை எதிர்த்து, எதற்காகச் சண்டை என்று அவர் வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. அவர் சம்பளத்தில்தான் என் இரண்டு அத்தைகளுக்கும் கல்யாணம் நடந்தது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைந்தபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே குழம்பு, இரண்டு தேசம். தெருவில் ஒருவர் சித்தப்பாவை அந்த வார்த்தையால் கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பேரன் அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடுதான் இருந்தது என்று சொன்னபோது பேரன் நம்பவில்லை. வரைபடத்தை எடுத்துக் காட்டினேன்.

மறுநாள் அவன் ஆசிரியரிடம் என்ன பேசினானோ தெரியாது. யூசுப்கான் நாலாவது வரி சொல்லிவிட்டுச் சாக வேண்டாம், மதுரைப் பக்கம் நடந்து போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார். சுதந்திர தினத்தன்று மச்சானும் நானும் இரண்டாம் வரிசையில் இருந்தோம். பையன் நாலு வரியும் பிசகாமல் சொன்னான். ஆனால் பதற்றத்தில் மதுரை எந்தப் பக்கம் என்பதை மறந்து, நெற்கட்டும்செவல் கோட்டை வரைந்த திரைக்குள்ளேயே நுழைந்துவிட்டான். மச்சான் என் பக்கம் சாய்ந்தார்.

"உங்க ஆளு கட்சி மாறிட்டான் மாப்ளே" என்றார்.