வேடந்தாங்கல்காரர்கள் போட்ட கணக்கு

இங்கே அமீர்பேட்டில் பால்கனிக்கு வருவது புறா மட்டுந்தான். அதையும் வலை கட்டித் தடுக்கிறோம். நம்ம ஊர்ப்பக்கம் பறவையைப் பார்த்த விதமே வேறு.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் நாரைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவிட்டார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள்.

ஏன் இவ்வளவு அக்கறை? வெறும் பாசம் என்று நான் நினைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்ததும், தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். எச்சம் ஏரியில் விழும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு அதுவே எரு. நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற பெயரெல்லாம் தெரியாமலே கண்டுகொண்டது இது. (சாலிம் அலி இந்த ஹைதராபாத் சமஸ்தானத்தில் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்ததே 1931-ல்தான்!)

சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. "வெடி இல்லாம தீபாவளியாப்பா?" என்று என் மகளுக்கு ஒரே ஆச்சரியம். பொங்கல் லீவில் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன்.