பழைய பில்டை யார் சொல்லி நம்புவது?

2016 பிப்ரவரியில் டாக்கர் 1.10 வந்தது. அப்டேட் போட்ட பல டீம்களில் சில நிமிஷத்தில் முடிந்துகொண்டிருந்த பில்ட், திடீரென்று தினமும் முதல் வரியிலிருந்து ஓட ஆரம்பித்தது. "கேஷ் வேலை செய்யலை, இது பிழை" என்று புகார்கள் குவிந்தன. ஆனால் அது பாதுகாப்பை யோசித்துச் செய்த மாற்றத்தின் விளைவு. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னாடி போக வேண்டும்.

1976-ல் பெல் லேப்ஸில் யாக் எழுதிய ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த ஒரு புரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்தார். பிழையைத் திருத்தியிருந்தார், ஆனால் அந்த ஃபைலை மறுபடி கம்பைல் செய்யவில்லை. அவர் வந்து புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், அந்த வாரக்கடைசியில் எழுத ஆரம்பித்ததுதான் 'மேக்'. அது பார்ப்பது நேரத்தை மட்டும்தான்: சோர்ஸ் புதுசா, ஆப்ஜெக்ட் ஃபைல் புதுசா? 2002 வாக்கில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் (சாம்பா எழுதியவர்) கொண்டுவந்த 'சிகேஷ்' நேரத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தின் ஹாஷைப் பார்த்தது. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே பெரிய தாவல் இதுதான். கிட் க்ளோன் செய்ததும் எல்லா ஃபைலுக்கும் 'இப்போது' என்ற நேரம் விழுந்துவிடுகிறதே, அங்கே மேக் என்ன செய்யும்?

அப்புறம் கன்டெய்னர் வந்தது. சிஐ-யில் ஒவ்வொரு பில்டும் புது கன்டெய்னரில் பிறந்து, முடிந்ததும் அதோடு அழிகிறது. 'என் மெஷின்ல ஓடுதே' என்ற சாக்கு இனி செல்லாது, நல்லதுதான். ஆனால் கம்பைல் செய்ததும் டவுன்லோட் செய்ததும் கூடவே போய்விடுகிறது.

டாக்கரின் பதில் லேயர். டாக்கர்ஃபைலில் ஒரு வரி மாறாமல், அதற்கு மேலே உள்ளவையும் மாறாமல் இருந்தால் பழைய லேயரையே எடுத்துக்கொள்ளும். காப்பி வரிக்கு ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்க்கும். ரன் வரிக்கோ கட்டளையின் எழுத்தை மட்டும்தான் பார்க்கும்.

வம்பு இங்கேதான். 1.10-க்கு முன்னால், புது சிஐ மெஷினில் நேற்றைய இமேஜை இறக்கினால் அதன் முழு லேயர் சங்கிலியும், 'இந்த லேயர் இந்தக் கட்டளையில் பிறந்தது' என்ற குறிப்போடு வந்து, கேஷாக வேலை செய்யும். குறிப்பு உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. ஒருவர் பொய்க் குறிப்போடு ஒரு இமேஜை வெளியிடலாம். நீங்கள் வேறெதற்கோ அதை இறக்கினால், உங்கள் சொந்த பில்ட் சத்தமில்லாமல் அந்த லேயரை எடுத்துக்கொள்ளும்.

எங்கள் மாவட்டத்தில் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் சாம்பிளைக் கையில் கொட்டி நிறம், அளவு பார்த்துத்தான் விலை சொல்வார்கள். மூட்டை மேல் எழுதியதை மட்டும் நம்பி யாரும் எடுக்க மாட்டார்கள். பழைய டாக்கர் மூட்டை மேல் எழுதியதை நம்பியது.

1.10-ல் இமேஜின் அடையாளமே ஷா-256 ஹாஷ் ஆனது. இறக்கும்போது முன்னோர் சங்கிலி வருவது நின்றது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: மூட்டையை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று ஹாஷ் சொல்லும். எந்தத் தோட்டத்துக் காய் என்று சொல்லாது. அதாவது, எந்தக் கட்டளை அந்த லேயரை உண்டாக்கியது என்பதற்கு ஹாஷ் சாட்சி இல்லை.

கொஞ்ச நாள் ஜனங்கள் முழுச் சங்கிலியையும் டார் ஃபைலாகச் சேமித்து, அடுத்த மெஷினில் ஏற்றிச் சமாளித்தார்கள். 2017 ஜனவரியில் 1.13-ல் 'கேஷ்-ஃப்ரம்' வந்தது. எந்த இமேஜை நம்புகிறேன் என்று இனி நாமே பெயர் சொல்ல வேண்டும். எனக்கு இது சரியான தீர்வாகத்தான் படுகிறது, கட்டளை நீளமானாலும்.

நிம்மதி சில மாதம்தான். அந்த வருஷம் மே மாதம் 17.05-ல் பல கட்ட பில்ட் வந்தது. கம்பைல் நடக்கும் கட்டம் கடைசி இமேஜில் இருக்காது, அதனால் அதன் கேஷும் கிடைக்காது. அந்தக் கட்டத்தைத் தனி டேக் போட்டு ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி வைத்தார்கள். பின்னால் பில்ட்கிட்டில், நடுக் கட்டங்களின் கேஷையும் சேர்த்து ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்ப வழி வந்தது. பேக்கேஜ் டவுன்லோட்களை வைத்துக்கொள்ள கேஷ் மவுன்ட்டும் உண்டு. ஆனால் அது அந்த பில்டரிலேயே தங்கிவிடும், ரெஜிஸ்ட்ரிக்குப் போகாது. தினம் புது மெஷின் கொடுக்கும் சிஐ-யில் அதைப் போட்டுவிட்டு 'ஏன் வேகமா ஆகலை' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.