ஒரு டாலர் பத்திரம்

நயாகரா! அந்த அருவியின் எழிலைக் காண உலகமே திரண்டு செல்கிறது. அருவியின் பெயரைத் தாங்கிய அமெரிக்க நகரிலே, அழகுக்கு அடியில் புதைக்கப்பட்ட அநீதியின் கதையும் உண்டு.

1890களில் வில்லியம் லவ் என்பார், கால்வாய் வெட்டி மின்னாற்றல் பெற்றுப் புதுநகர் எழுப்பக் கனவு கண்டார். கனவு கலைந்தது, பள்ளம் எஞ்சியது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் இரசாயன நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் கழிவை அதில் கொட்டி, மண்ணிட்டு மூடியது. 1953இல் அந்நிலத்தைக் கல்வி வாரியத்துக்கு விற்றது. விலை? ஒரே ஒரு டாலர்! அடியில் இரசாயனக் கழிவு இருக்கிறது, கேடு வந்தால் தான் பொறுப்பல்ல என்று பத்திரத்தில் எழுதியும் வைத்தது.

பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு வாங்கிய தொழிலாளர்களிடம் அந்த எச்சரிக்கையை எடுத்துரைப்பார் இல்லை. நல்ல நிலமென நம்பினர். நல்ல விலையும் தந்தனர்.

1970களில் பெய்த பெருமழையால் நிலத்தடி நீர் உயர்ந்தது. நஞ்சு நிலவறைகளில் கசிந்தது. 1978 ஆகஸ்டில் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. பள்ளியை மூடி, 239 குடும்பங்களை வெளியேற்றி, வேலியும் போட்டது. வேலிக்கு அப்பால் இருந்தோர் கதி? நேற்றிருந்த அதே சுவர், அதே கூரை! செய்தி ஒன்றுதான் புதிது. ஆயினும் வாங்க ஆளில்லை. உண்மையை மறைத்து விற்றபோது கிடைத்த விலை, உண்மை வெளிவந்ததும் மறைந்தது. நட்டம் நம்பியவன் தலையில்!

லோயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசி தெருத்தெருவாகச் சென்று மக்களைத் திரட்டினார். 1980இல் அதிபர் கார்ட்டர் எஞ்சிய வீடுகளை வாங்க இசைந்தார். அவ்வாண்டே நச்சுநிலங்களைத் தூய்மையாக்கச் சட்டமும் பிறந்தது. ஆனால், அருகிலிருந்த கிரிஃபன் மேனர் குடியிருப்பின் வாடகைதாரர்கள்? பெரும்பாலோர் கறுப்பின மக்கள். விற்க வீடில்லாதவர் வேதனைக்கு விலைப்பட்டியலில் இடமேது?

1990க்குப் பின் அப்பகுதியின் ஒரு பாகத்துக்குப் புதுப்பெயர் சூட்டி, சந்தை விலைக்குக் குறைவாக வீடுகளை விற்றனர். வாங்கவும் ஆள் வந்தனர்!

இதனை விதி என்பீரோ, தோழர்களே? தலையில் எழுதிய எழுத்தன்று இது. பத்திரத்தில் எழுதிய எழுத்து! எழுதியவன் அறிந்தான், அறிய வேண்டியவனுக்கு அது எட்டவில்லை. மனை வாங்குமுன் வாஸ்து பார்க்கிறோம். நல்ல நேரம் பார்க்கிறோம். அந்த மண்ணடி நீரைச் சோதித்தோமா? முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்டோமா?

கேட்போம். கேட்பவனை ஏய்ப்பது எளிதன்று.