மூன்று மேசைகளுக்குப் போகாத கடிதம்

1998 ஜூன் 2. டெல்லியில் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் இயக்குநர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார். கார்கிலுக்கு எதிர்ப்புறம், கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால், பாகிஸ்தான் தரப்பின் நடமாட்டம் பற்றிய தகவல். இயக்குநரே கையெழுத்திட்டார் என்றால் விஷயம் சில்லறை அல்ல. பிரதமர், உள்துறை அமைச்சர், கேபினட் செயலாளர், உள்துறைச் செயலாளர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு அது போயிற்று.

போகாத இடங்கள்தான் கதை. வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் ‘ரா’வின் தலைவருக்கு இல்லை. எல்லாத் தகவலையும் சேர்த்துவைத்து எடைபோடும் கூட்டு உளவுக் குழுவின் தலைவருக்கு இல்லை. ராணுவ உளவுப் பிரிவின் தலைமைக்கும் இல்லை. மேலே கொடுத்தால் படிப்படியாகக் கீழே வந்துவிடும் என்று எதிர்பார்த்ததாகப் பிற்பாடு இயக்குநர் சொன்னார். ஒரு கோப்பின் பின்னால் நாலு நாள் அலைந்தவர் யாரும் அப்படி நம்பமாட்டார்கள். இதில் இன்னொரு கூத்து: ரா தலைவர்தான் அப்போது கூட்டு உளவுக் குழுவையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே உறை போதும், இரண்டு நாற்காலிக்கும் சேர்ந்திருக்கும்.

பதினோரு மாதம் போனது. 1999 மே தொடக்கத்தில், தொலைந்த யாக் மாட்டைத் தேடிக் கார்கில் பகுதியின் படாலிக் பக்கம் மலையேறிய மேய்ப்பர் ஒருவர் அந்நியர்களைக் கண்டார்; ராணுவத்திடமே நேராகப் போய்ச் சொன்னார். அதையடுத்து வந்த கார்கில் போர் முடிந்தபோது இந்தியத் தரப்பில் 527 வீரர்கள் இல்லை. அந்தக் கடிதம் மூன்று மேசைக்கும் போயிருந்தால் போரே வந்திருக்காது என்று சொல்லத் துணியமாட்டேன். தேடிப் பார்க்க ஆளும் வசதியும் உள்ளவர்கள் தேடியிருப்பார்கள், அவ்வளவுதான்.

கடிதம் மறுபடி தலைகாட்டியது, போருக்குப் பின் அமைத்த கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கையில். குழுத் தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். கூட்டு உளவுக் குழுவுக்கு ஒருகாலத்தில் தலைவராக இருந்தவரும்கூட. அந்த மேசைக்கு எது வரும், எது வராது என்பது அவருக்குத் தெரியாததல்ல. 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில பகுதிகளை நீக்கியிருந்தார்கள். இந்தக் கடிதத்தைப் பற்றிய பத்தி தப்பிவிட்டது.

பிறகு அமைச்சர்கள் குழு, பரிந்துரைகள். எல்லா அமைப்புகளும் தகவலைக் கொண்டுவந்து கொட்ட ஐ.பி.யின் கீழ் ‘மேக்’ என்ற பல்முகமை மையம் 2001 கடைசியில் உருவானது. மேசை போட்டாகிவிட்டது, கையில் இருப்பதை அதில் வைத்தே தீரவேண்டும் என்ற உத்தரவு வர மும்பைத் தாக்குதல் நடக்கவேண்டியிருந்தது. ப. சிதம்பரம் உள்துறைக்கு வந்த மாதத்திலேயே, 2008 டிசம்பர் 31 அன்று, அந்த உத்தரவு பிறந்தது. கடிதத்தில் கையெழுத்து விழுந்து அப்போது பத்தரை வருஷம் தாண்டியிருந்தது.