சிபாரிசுக் கடிதமும் தங்க ஓர் அறையும்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் நேரத்தில் இந்தக் கேள்வி எங்களைத் தேடி வந்துவிடும். இந்த முறை கேட்டது, அரூர் பக்கத்துக் காலனியிலிருந்து தருமபுரிக்குப் படிக்க வந்த ஒரு தங்கை. "அண்ணா, ஹாஸ்டல்ல எடம் கெடைக்கணும்னா எம்.எல்.ஏ. லெட்டர் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. வாங்கித் தர முடியுமா?"

கடிதத்துக்கு மதிப்பில்லை என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. அண்ணல் அம்பேத்கரே கடிதங்களாலும் அறிமுகங்களாலும் படித்தவர்தான். கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைப் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். பம்பாயில் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1913இல் அதே மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916இல் லண்டன் புறப்பட்டபோது, கொலம்பியாவின் பேராசிரியர் செலிக்மன் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஃபாக்ஸ்வெல்லுக்கு எழுதிய கடிதம் துணையாக இருந்தது.

மறு ஆண்டு என்ன நடந்தது? பரோடா அரசில் வேலை. தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் சாதியை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பேர் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். மன்னரின் ஆதரவு இருந்தது, கொலம்பியாவின் படிப்பு இருந்தது. ஓர் அறைக்கு அவை போதவில்லை. இன்று விடுதி இடத்துக்காக அலையும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1944இல், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த காலத்தில், பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக்குலேசனுக்குப் பிந்தைய உதவித்தொகையை அரசுத் திட்டமாகவே கொண்டுவரச் செய்தார். கேலுஸ்கர் போல ஒருவரைத் தெரியாத பிள்ளையும் விண்ணப்பிக்கலாம் என்றானது. இன்று நீங்கள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அதன் தொடர்ச்சி.

எழுதிய விதி இருந்தாலும் சிபாரிசு நுழைய ஒரு சந்து போதும். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் 1970–71ஆம் ஆண்டுச் சேர்க்கையில் நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண். எந்தத் தகுதிக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட வேண்டியதை மொத்தமாகப் போட்டிருந்தார்கள். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறென்றது. பத்து மதிப்பெண் ஏறியது எதற்காக என்று யாரும் கேட்க முடியாத இடத்தில்தானே 'நம்ம பையன்' என்ற சொல் வேலை செய்யும்!

அந்தத் தங்கைக்குக் கடிதம் வாங்கித் தந்தோம். மறைப்பானேன்? ஆனால் முதலில் விண்ணப்பத்தைக் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கி வரச் சொன்னோம். சீட்டு கேட்டதும் அங்கிருந்த எழுத்தர், "இதுக்கெல்லாம் யாரும்மா சீட்டு கேக்கறாங்க?" என்றாராம். நின்று வாங்கி வந்துவிட்டது. பட்டியல் ஒட்டும் நாளில் நாங்களும் கூடப் போகிறோம்.